எடைக்கல்

பங்குச் சந்தையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் ஒரு வாக்கியம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. லாபம் கூடுதலாக வேண்டுமென்றால் ரிஸ்க்கும் கூடுதலாக எடுத்தாக வேண்டும். மியூச்சுவல் ஃபண்டு விற்க வரும் பையன் அதைச் சொல்கிறான், தொலைக்காட்சியில் டை கட்டியவர் சொல்கிறார், கரமனையில் மாலை நடைக்கு வரும் பென்ஷன்காரர்களும் சொல்கிறார்கள். முன்னவர்கள் சொல்வது வாங்கு என்பதற்கு, பின்னவர்கள் சொல்வது வாங்காதே என்பதற்கு. நேரெதிரான இரண்டு வழக்குக்கும் ஒரே சாட்சி வந்து நிற்குமானால் அந்தச் சாட்சியை ஒருமுறை குறுக்கு விசாரணை செய்யத்தானே வேண்டும்? வெகுநாளாக எனக்குள் இருக்கும் உறுத்தல் இது. கணக்கில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் ரிஸ்க் எடுப்பவர் யார், லாபம் வாங்கிப்போகிறவர் யார் என்பதை மட்டும் அந்த வாக்கியம் சொல்வதே இல்லை. இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தமில்லாமல் வைத்துக்கொண்டுவிடுகிறது. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு யோசித்தால் அதை அவ்வளவு சுலபமாக நம்ப முடியவில்லை.

இந்த ஊர் லாபத்துக்குப் பேர்போன ஊர் இல்லை. சம்பளமும் பென்ஷனும் ஓடுகிற ஊர். செக்ரட்டேரியட், ஏஜீஸ் ஆபீஸ், பல்கலைக்கழகம், தும்பா ராக்கெட் நிலையம் என்று மாதத்தின் முதல் வாரத்தை நம்பி எழும்பிய வீடுகள்தான் பேரூர்க்கடையிலிருந்து நேமம் வரைக்கும். கையில் மிஞ்சுவது போய்ச் சேரும் இடங்களும் தலைமுறையாக மாறவில்லை. எஃப்டி, கேஎஸ்எஃப்ஈ சிட்டி என்கிற அரசுச் சீட்டு, நகை, கொஞ்சம் துணிந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே ஐந்து சென்ட் மனை. மாநில அரசின் கருவூலத்திலேயே பொதுமக்கள் பணம் போட்டு வைக்கலாம் என்பது தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். 'டிரஷரியில் இட்டிருக்கேன்' என்று சொல்பவரின் குரலில் பிள்ளையை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்ட நிம்மதி கேட்கும். கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் 2011இல் திறக்கப்பட்டபோது உலகம் வாயைப் பிளந்தது. ஊர்க்காரர்கள் அவ்வளவாக அதிர்ந்துபோகவில்லை. பொன்னைக் குவித்துக் கதவை அடைத்து, வட்டி எதிர்பாராமல் தலைமுறைகளைக் கடத்துவதை இங்கே எல்லோரும் அவரவர் அளவுக்குச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஓர் அறை இன்னும் திறக்கப்படவில்லை. அதற்குள் இருப்பதற்கு விலை தெரியாது, ஆகவே விலை இறங்குவதும் இல்லை. ஷேரின் சங்கடம், காலை ஒன்பதேகால் முதல் மாலை மூன்றரை வரை அதன் விலை நொடிக்கு நொடி தெரிந்துகொண்டே இருப்பது. பாதிப் பயம் அந்தத் தெரிதலிலிருந்து வருவதுதான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்குக் காரணம் வேறு.

அதைச் சாலைக் கடைத்தெருவில் ஒருவர் சொல்லக் கேட்டேன். எழுத்தாளர் ஆ. மாதவன் பாத்திரக் கடையில் உட்கார்ந்தபடி கதைகளாக்கிய அதே தெரு. வற்றல் மிளகாயும் கருப்பட்டியும் ஈரச் சாக்கும் கலந்த அதே காற்று. தென்காசிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம், பலசரக்குக் கடை. மேஜையில் மின்தராசு வந்துவிட்டாலும் பழைய இரும்புக் கற்களை மூலையில் அடுக்கி வைத்திருக்கிறார். கல்லின் அடியில் குழியில் ஈயம் ஊற்றி, அதன்மேல் சர்க்கார் முத்திரை குத்தியிருக்கும். "ஷேரெல்லாம் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அந்தச் சோலி நமக்கு வேண்டாம், பாத்துக்கிடுங்க. இங்க முத்திரை குத்தின கல்லை வச்ச பெறவுதான் சாமானை நிறுக்கோம். அங்க சாமானை வீட்டுக்குக் கொண்டுபோன பெறவுல்லா கல்லு எத்தனை கிலோன்னு சொல்லுதான்." சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டப் போய்விட்டார். நிதிப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் சராசரியாக இத்தனை விழுக்காடு என்று நம் முன்னால் வைக்கப்படும் கல், கடந்துபோன இருபது ஆண்டுகளில் வார்த்தது. நாம் நிறுக்கப்போவது வரப்போகும் இருபது ஆண்டுகளை. அதற்கு முத்திரை குத்த ஓர் இலாகாவும் கிடையாது.

முத்திரை குத்த முயன்றவர்கள் இருக்கிறார்கள். ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்துதான் ரிஸ்க் என்பது கணக்குக்குள் வந்தது. ஒரு முதலீட்டின் ஆதாயம் அதன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி விலகி ஆடுகிறதோ அந்த ஆட்டத்தின் அளவே ரிஸ்க். அழகான யோசனை, 1990இல் நோபல் பரிசும் வந்தது. ஒன்றாக ஆடாத பங்குகளைச் சேர்த்து வைத்தால் மொத்த ஆட்டம் குறையும் என்று அவர் காட்டியதை இன்றுவரை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தம்முடைய ஓய்வுக்காலச் சேமிப்பை அவர் அந்தக் கணக்குப்படி பிரிக்கவில்லை. சந்தை ஏறும்போது நான் இல்லையே என்றோ, இறங்கும்போது எல்லாவற்றையும் அங்கே வைத்தேனே என்றோ பிற்பாடு வருந்தக்கூடாது என்று பாதியைப் பங்குகளிலும் பாதியைக் கடன்பத்திரங்களிலும் போட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இதை வைத்து அவரைக் கேலி செய்வது வழக்கம். எனக்கு அது கேலியாகப் படவில்லை. சூத்திரத்தில் இருந்த முதலீட்டாளருக்கு வயது இல்லை, வருத்தம் இல்லை. சேமிப்பை வைத்திருந்த மார்க்கோவிட்ஸுக்கு இரண்டும் இருந்தன.

வயது என்று சொன்னேன். சராசரி என்ற எண்ணுக்கு வயதாவதில்லை என்பதுதான் அதில் இருக்கும் ஏமாற்று. ஒரு ரூபாய்கூட வஞ்சகமில்லாத ஒரு கணக்கு: ஓர் ஆண்டு 50 விழுக்காடு ஏற்றம், அடுத்த ஆண்டு 40 விழுக்காடு இறக்கம். சராசரி ஆண்டுக்கு 5 விழுக்காடு லாபம் என்று எழுதலாம், பொய் இல்லை. கையில் இருந்த 100 ரூபாய் 150 ஆகி, பிறகு 90 ஆகியிருக்கும். ஆயிரம் பேர் ஓராண்டு விளையாடினால் கிடைப்பது ஒன்று, ஒரே ஆள் ஆண்டு மாற்றி ஆண்டு விளையாடினால் கிடைப்பது வேறொன்று. நமக்கு வாய்த்திருப்பது இரண்டாவது. நீண்ட காலம் பொறுத்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். எவ்வளவு நீளம்? ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். இடைப்பட்ட 34 ஆண்டுகளில் டிவிடெண்டு வந்திருக்கும், சரிவில் வாங்கியவர்கள் பிழைத்திருப்பார்கள், எல்லாம் உண்மை. 1989இல் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்ற தோக்கியோக்காரர் ஒருவரிடம் போய் இதைச் சொல்ல 2024இல் ஆள் இருக்க வேண்டும். ரஷ்யாவில் 1917க்குப் பிறகும் சீனாவில் 1949க்குப் பிறகும் பங்குதாரர்களுக்கு நேர்ந்தது இந்தச் சராசரிகளில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதுகூட இல்லை. தோற்ற சந்தைகள் தங்கள் வரலாற்றை எழுதிவைக்கக் குமாஸ்தாக்களை விட்டுச்செல்வதில்லை.

இந்த மண்ணிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. கே.சி. மாம்மன் மாப்பிள்ளை 1912இல் திருவல்லாவில் தொடங்கிய திருவிதாங்கூர் நேஷனல் பாங்கும், சி.பி. மாத்தனின் குயிலான் பாங்கும் 1937இல் இணைந்தன. மாப்பிள்ளை 'மலையாள மனோரமா'வின் ஆசிரியரும்கூட. சம்ஸ்தானத்துக்கு வெளியேயும் கிளைகள், சென்னையில் அலுவலகம், படித்தவர்களின் நம்பிக்கை, எல்லாம் இருந்தது. இணைந்த மறு ஆண்டே, 1938 ஜூன் 21 அன்று, வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அக்டோபரில் மாப்பிள்ளையும் மாத்தனும் சென்னையில் கைதாகித் திருவிதாங்கூருக்குக் கொண்டுவரப்பட்டுச் சிறைக்குப் போனார்கள். மனோரமா அச்சகத்துக்கு அதற்கு முன்பே, செப்டம்பரில், பூட்டு விழுந்துவிட்டது. பத்திரிகை திரும்ப வர 1947 ஆயிற்று. என்னை இன்றும் சங்கடப்படுத்துவது அங்கே பணம் போட்டு வைத்திருந்தவர்களின் நிலை. அவர்கள் யாரும் லாபத்துக்கு ஆசைப்பட்டு ரிஸ்க் எடுத்தவர்கள் இல்லை. ரிஸ்க் வேண்டாம் என்றுதான் பாங்குக்குப் போனார்கள். மார்க்கோவிட்ஸின் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தால், 1938 ஜூன் 20 மாலை வரை அந்த வைப்புத்தொகையின் ஆட்டம் பூஜ்யம். நூறு நூறாகவே இருந்தது, வட்டி வட்டியாகவே வந்தது. மறுநாள் காலை கதவு திறக்கவில்லை. பங்குதாரர்களின் கதை இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்திருக்கும். அந்தக் காலத்து வங்கிப் பங்குகள் பலவும் முகமதிப்பில் ஒரு பகுதியை மட்டும் கட்டி வாங்கியவை. வங்கி கலைந்தால் மீதியையும் கொண்டுவந்து கட்டு என்று கலைப்பதிகாரி நோட்டீஸ் அனுப்பலாம். போட்டது போனது என்று கையைக் கழுவிக்கொள்ளக்கூட வழியில்லாத நட்டம்.

ஏன் விழுந்தது என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது, இன்றும் இருக்கிறது. மனோரமா அப்போதுதான் பிறந்திருந்த ஸ்டேட் காங்கிரஸுக்கு ஆதரவாக நின்றதால் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் பழிதீர்த்தார் என்பது ஒன்று. நிர்வாகமே ஓட்டை, திவான் தட்டிய கதவு ஏற்கெனவே உளுத்திருந்தது என்பது மற்றது. கோட்டைக்குள் அக்கிரகாரத்துத் திண்ணைகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சாய்வு, திருவல்லா கோட்டயம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு சாய்வு. என் முடிவைக் கேட்டால், கேட்டவுடன் திருப்பித் தருகிறேன் என்று வாங்கிய பணத்தை உடனே திரும்பாத கடனாகக் கொடுத்து வைத்திருக்கும் எந்த வங்கியையும் ஒரு வதந்தி போதும் சாய்க்க. அந்த வதந்தியைப் பரவவிடவும் தடுக்கவும் அரண்மனையால் முடிந்திருக்கும், அது தடுக்கவில்லை. அந்த வங்கியின் ஐந்தொகையை வரிவரியாகப் படித்த கணக்குப்பிள்ளை ஒருவன் இருந்திருந்தாலும் திவானின் மனநிலையை எந்தப் பத்தியில் தேடியிருப்பான்? இதே திவான் காலத்தில் 1945இல் திருவாங்கூர் பாங்க் தொடங்கப்பட்டு, பிற்பாடு ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் ஆகி, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக்கொண்டு எழுபது ஆண்டு நடந்தது. 2017 ஏப்ரலில் எஸ்பிஐயோடு கரைந்தபோது பத்துப் பங்குக்கு இருபத்திரண்டு எஸ்பிஐ பங்கு கொடுத்தார்கள். ஷேர் என்றால் சூதாட்டம் என்று பேசும் சில வீடுகளில் அந்தப் பங்குப் பத்திரம் அலமாரியில் இருந்ததை நான் அறிவேன். எஸ்பிடி ஷேரா என்று அவர்கள் திகைப்பார்கள். அது நம்ம பாங்க் இல்லையோ?

மாப்பிள்ளையின் மகன்களில் ஒருவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. குடும்பம் எல்லாவற்றையும் இழந்திருந்த நிலையில் 1946இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கினார். குழந்தைகள் ஊதும் பலூன்தான். 1952இல் டயருக்கான டிரெட் ரப்பர், 1961இல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியீடு, அமெரிக்க மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் டயர். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, எம்ஆர்எஃப். 2023 ஜூன் 13 அன்று அதன் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த எண்ணைத் தொட்ட முதல் பங்கு. (முகமதிப்பு பத்து ரூபாய். பல பத்தாண்டுகளாகப் பங்கைப் பிளக்கவோ போனஸ் கொடுக்கவோ செய்யாததால் வந்த உயரம் இது. லட்சம் என்றவுடன் மலைப்பவர்கள் விலையையும் ஆதாயத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.) இந்தக் கதையை மேடையில் சொல்லும்போது கைதட்டல் விழும். விழுந்த குடும்பம் எழுந்தது, துணிந்தவனுக்குப் பலன் கிடைத்தது. எனக்குக் கைதட்ட வராததற்குக் காரணம், 1946இல் திருவொற்றியூருக்குப் போய் நின்றிருந்தால் நான் என்ன பார்த்திருப்பேன் என்று கேட்டுக்கொள்வதுதான். ஓட்டுக் கொட்டகை, ரப்பர் பாலின் புளித்த நாற்றம், வங்கி திவாலான வீட்டுப் பிள்ளை, கையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன். பக்கத்துத் தெருவில் அதே போன்ற கொட்டகையில் வேறு எதையோ செய்துகொண்டிருந்த, பெயர்கூட மிஞ்சாத இன்னொருவரையும் பார்த்திருப்பேன். இருவரையும் பிரித்தறியும் கல் என்னிடம் இருந்திருக்காது. 1930களில் அதே குடும்பத்தின் பாங்கையும் பிற்பாடு அதே குடும்பத்தின் பலூனையும் ஒருவர் முன்னால் வைத்து எது பத்திரம் என்று கேட்டிருந்தால், யோசிக்கத் தெரிந்த யாரும் பாங்கைத்தான் காட்டியிருப்பார்.

பாங்கில் போட்டவர்களுக்கு எம்ஆர்எஃப் எழுந்ததால் ஒன்றும் திரும்பி வரவில்லை. எம்ஆர்எஃப் பங்கை அறுபதுகளில் வாங்கி வைத்திருந்த வீட்டுப் பேரன் 1938இல் பாங்க் வாசலில் நின்றவரின் பேரனாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இழந்தவர் ஒருவர், பெற்றவர் வேறொருவர். இடையில் கால் நூற்றாண்டு. நட்டம் அடைந்தவர்களால் யாருக்குமே பயன் இல்லையென்றும் சொல்ல முடியாது. 1938இன் வீழ்ச்சிக்குப் பிறகுதான் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டுமென்று 1939இல் முன்மொழிவு அனுப்பியது, அது 1949இல் சட்டமாயிற்று. 1960 ஆகஸ்டில் பாலா சென்ட்ரல் பாங்க் விழுந்தது, மறுபடியும் கேரளம், மறுபடியும் கதவடைத்த கிளைகள் முன்னால் கூட்டம். அதன் பின்விளைவாக வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது, 1962 ஜனவரி 1 முதல். அன்று ஆளுக்கு 1,500 ரூபாய் வரை, இன்று 5 லட்சம் வரை. தம்பானூரில் எஃப்டி ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கும் பென்ஷன்காரர் தம்மைப் பத்திரமான ஆள் என்று நினைக்கிறார். அந்தப் பத்திரம் இயற்கையாக விளைந்ததில்லை. திருவல்லாவிலும் பாலாவிலும் யாரோ பறிகொடுத்த பணத்தில் வாங்கியது. ரிஸ்க் அவர்களுடையது, ஆதாயம் இவருடையது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி ஒரு கோடு வரைந்து பார்த்ததில்லை நான். அதில் எப்போதும் ஒரே ஆள், கிடைமட்டத்தில் அவருடைய ரிஸ்க், செங்குத்தில் அவருடைய லாபம், இடையில் மேல்நோக்கிச் செல்லும் ஒரு கோடு.

ஒரு கட்டத்தில் இதை நானே அதிகமாக இழுக்கிறேனோ என்றும் தோன்றும். பல நிறுவனங்களில் பரவலாக, அவசரமில்லாத பணத்தை, இருபது முப்பது ஆண்டு போட்டு வைத்தவர்களுக்கு இந்தியச் சந்தை நன்றாகவே கொடுத்திருக்கிறது. எஃப்டியிலேயே கிடந்த பணம் விலைவாசியிடம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றதும் உண்மை. அந்தத் தோல்வி யாருக்கும் கண்ணில் படாததால் அதை யாரும் நட்டம் என்று சொல்வதில்லை. ஆகவே பென்ஷன்காரரின் பயத்தை ஞானம் என்று தூக்கிப் பிடிக்கவும் மனம் வரவில்லை. கழக்கூட்டத்துப் பக்கம் டெக்னோபார்க்கில் வேலை செய்யும் பிள்ளைகள் அந்தப் பயத்தை உதறிவிட்டார்கள். ஆனால் உதறிவிட்டுச் சிலர் போன இடம் பங்கு கூட இல்லை, எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம். மதிய உணவுத் தட்டுக்குப் பக்கத்தில் செல்பேசி, அதில் சிவப்பும் பச்சையுமாக மெழுகுதிரிக் கோடுகள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது என் உறுத்தலுக்கு ஓர் அரசாங்க முத்திரை கிடைத்ததுபோல் இருந்தது. மூன்று நிதியாண்டுகளில் இந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினருக்கு நட்டம். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே அறிக்கையின் இன்னொரு பக்கத்தைப் பெரும்பாலோர் புரட்டுவதில்லை. 2023-24இல் மட்டும், செலவுகளைக் கழிக்கும் முன், சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் தரகு நிறுவனங்கள் ஏறத்தாழ 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் 28,000 கோடியும் லாபம் பார்த்தன. தனிநபர்களும் மற்றவர்களும் 61,000 கோடிக்கு மேல் இழந்தார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்காமல் பொருந்துகிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் லாபத்தில் 97 விழுக்காடு கணினி நிரல்கள் தாமே போட்ட ஆர்டர்களில் வந்தது. அதிக ரிஸ்க் எடுத்தால் அதிக லாபம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் சொல்லுக்குச் சொல் பலித்திருக்கிறது. ரிஸ்க் இங்கே எடுக்கப்பட்டது, லாபம் அங்கே போயிற்று.

கரமனையில் நான் அடிக்கடி பேசும் ஒருவர் ஏஜீஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பழைய பென்ஷன். சாகும்வரை சர்க்கார் கொடுக்கும், பஞ்சப்படியும் சேர்ந்து ஏறும். வாழ்நாளில் ஒரு ஷேரைத் தொட்டதில்லை என்பதை வைராக்கியமாகவே சொல்வார். மகள் மாநில அரசு வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. 2013 ஏப்ரல் முதல் கேரள அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் பிடிக்கும் தொகையும் அரசு போடும் தொகையும் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகின்றன, அதில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்கு. கடைசியில் கைக்கு வருவது அன்றைய சந்தை கொடுப்பது. "அவ கணக்குல ஷேருக்கு எவ்வளவு போறது மாமா?" என்று கேட்டேன். ஷேரா, அதெல்லாம் இல்லையே, அவளுக்கு சர்க்கார் வேலையாக்கும் என்றார். விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நஷ்டம் வந்தா சர்க்கார் போடுமோ?" என்றார். போடாது மாமா என்றேன். "பின்னே இதை யாருகிட்ட கேட்டுண்டு செஞ்சா?"